மாற்றமில்லை

20-01-2025, திங்கள்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். என் ஆண்டுச் சொத்து விவரப் படிவத்தில், எனக்கும் தம்பிக்கும் இலஞ்சியில் உள்ள நாலு சென்ட் நிலத்தை மூன்று சென்ட் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லாமல் புதிதாக ஒன்று எழுதினேன். அதைப் பார்த்து எங்கள் கண்காணிப்பாளர் கௌரிசங்கர் சிரித்தார்.

"ஒரு சென்ட்டுக்குப் போயி புதுப் பேப்பரா? ஏ பிள்ள, நீ ரிட்டயர் ஆகுததுக்குள்ள ஆபீஸ்ல பேப்பரே இருக்காது போ."

அலுவலகத்தின் இருபத்துமூன்று பேரிடமும் படிவங்களை வாங்கிச் சரிபார்த்து, ஓரத்தில் 'சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. கண்காணிப்பாளரின் படிவத்துக்கு வெள்ளிக்கிழமையே 'சரி' போட்டிருந்தேன். அதில் 'மாற்றமில்லை', 'இல்லை' என்று இரண்டே சொற்கள். பழைய படிவத்தை நகலெடுத்து, ஆண்டை மட்டும் மாற்றிக் கொடுப்பார். பழைய கோப்பைப் புரட்டினால், எப்போதோ டீ டம்ளர் வைத்த வட்டக் கறையும் வருடாவருடம் நகலில் சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு, அலுவலகம் பெருக்கும் தங்கபுஷ்பம் அக்கா ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தாளோடு வந்தார். அவருடைய வீடு போன வருட மழையில் இடிந்துபோனது. அன்றிலிருந்து மகளோடு தார்ப்பாயின் கீழ்தான் இருக்கிறார். அரசு வீடு கேட்டு மனு போட்டிருந்தார்.

"வாசிச்சுச் சொல்லும்மா. வீடு வந்துட்டான்னு பாரு."

வாசித்தேன். தவறாக வாசிக்கிறேனோ என்று மறுபடியும் வாசித்தேன். குற்றாலம் ஐந்தருவி சாலையில் மனுதாரர் பெயரில் பத்து அறைகள் கொண்ட கட்டடம் இருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபணை இருந்தால் புதன்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும். கட்டடத்தின் பெயரைச் சொன்னதும் அக்கா விழித்தார்.

"அது நம்ம கௌரிசங்கர் அண்ணாச்சி லாட்ஜுல்லா? ஞாயித்துக்கிழம நான் அங்கனதான் போர்வ தொவைக்கேன். சபரிமல சாமிமாரு சீசன்ல நிமிர முடியாது."

"அக்கா, நீங்க எங்கயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"நாலு வருசம் முன்ன அண்ணாச்சி ஒரு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாவ. போட்டோ எடுத்தாவ, கைரேக எடுத்தாவ. ஆதார் புதுப்பிக்கதுன்னு சொன்னாவ. பொறவு பிரியாணியும் வாங்கித் தந்தாவம்மா."

அது லாட்ஜை அக்கா பெயரில் எழுதிய பத்திரப் பதிவு என்று எனக்குப் புரிந்தது.

அதற்குள் கண்காணிப்பாளரே வந்துவிட்டார். தாளை வாங்கிப் படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"ஏட்டி தங்கம், பத்து ரூம் முதலாளியம்மால்லா நீ! அப்ப இன்னைக்கு எல்லாருக்கும் டீ உன் செலவு."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தேதான் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, அத உங்க பேருக்கு மாத்திக்கிடுங்க. எனக்கு வீடு வரணும்லா."

"எம்பேருக்கு மாத்துனா, எப்படி வாங்குனன்னு கேப்பாவல்லா? சும்மா கெட. அடுத்த மழைக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கித் தாரேன்."

அவருடைய படிவத்தை எடுத்தேன். "சார், இதுல அந்த லாட்ஜ் இல்லயே."

"எம்பேர்ல இல்லாதத நான் எப்படிம்மா எழுத?"

"பிறர் பெயரில் வைத்திருப்பவைன்னு ஒரு பத்தி இருக்கு சார். அதுல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க."

வடை எண்ணெய் படிந்த விரலால் அந்த இடத்தைத் தட்டினார். எழுத்தின் மேல் எண்ணெய் பரவியது. "பக்கத்துல உன் 'சரி' இருக்கு பாத்தியா? புரொபேஷன் முடியலல்லா உனக்கு? போயி வேலையப் பாரு."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பத்தியை நான் வாசிக்கவே இல்லை. என் ஒரு சென்ட்டுக்காகப் புதுப் படிவம் எழுதியவள், அவருடைய பத்து அறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறேன். அவர்மீது வந்த அருவருப்பு என் சுருக்கொப்பத்தைப் பார்த்தபோது இரட்டிப்பானது.

மாலை நான் போகும் தட்டச்சு வகுப்புக்கு அக்காவையும் கூட்டிப்போனேன். பயிற்சிப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல ஆட்சேபணை மனுவை அடித்தேன். 'நிராகரிப்பு' என்ற சொல் மூன்று முறை தப்பாக விழுந்தது.

"அக்கா, வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

"பெருக்குத வாரியல் எங்கன போனாலும் கெடைக்கும்மா. அவுக அந்தப் பேப்பர்ல 'இல்ல'ன்னு எழுதுனாவ. அந்த 'இல்ல'தான் இப்ப என் வீட்டுல வந்து விழுந்திருக்கு."

நான் எழுத நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். இந்தப் படிவத்தை ஆண்டுக்கொரு சடங்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். அரசு ஊழியர் மறைக்கும் சொத்து எங்கும் மறைந்துபோவதில்லை. கேள்வி கேட்க முடியாத ஓர் ஏழையின் தலையில் போய் உட்காருகிறது. வாசிக்காமல் 'சரி' போடுகிறவரும் அதற்கு உடந்தைதான்.

நாளை: முதலில் அக்காவோடு ஆட்சியர் அலுவலகம் போய் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு கண்காணிப்பாளர் படிவத்தில் என் 'சரி'யை அடித்து, காரணத்தை எழுதி, தேதியிட்டு, தலைமை அலுவலரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.