பனியை அளந்த வரைபடம்

எச்சரிக்கைப் பட்டியல் மறுபடியும் நீண்டுகொண்டே போனது. இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் வெட்டுகின்றன, உயரம் வேறு வேறு என்று காலையிலிருந்து நில அளவை மென்பொருள் ஒரே பாட்டைப் பாடியது. ஆர்லிஸ் ஒன்றைச் சரி செய்தால் பக்கத்தில் நாலு முளைத்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். திரையில் தரை முழுக்க முக்கோணங்களாகப் பின்னிக் கிடந்தது. சாலையோரப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் அவை மேலும் கீழுமாகக் குத்திட்டு நின்றன.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. நீளமான முக்கோணங்களை வெட்டினாள், உயரமே இல்லாத புள்ளிகளை நீக்கினாள், எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினாள். உதவிக்குப் போன் செய்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்கிறான் ஒருவன். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. இதற்கிடையில் எஞ்சினியர் டெர்ரல் தன் அறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மைனாட் நகருக்கு வடக்கே, ஓர் ஏரியை ஒட்டி அகலப்படுத்தப்போகிற சாலை அது. எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும் என்ற கணக்கு வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலைத் துறைக்குப் போக வேண்டும். இது போய்விட்டால் ஆர்லிஸின் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று டெர்ரல் வாக்குக் கொடுத்திருந்தான். நிரந்தரம் என்றால் மருத்துவக் காப்பீடு. அவள் கணவன் கேலன், விலை கட்டுப்படியாகாமல், அறுவடைக்காலத்திலிருந்தே இன்சுலினைப் பாதிப் பாதியாகப் போட்டு ஓட்டுகிறான். இப்போது அவனுக்குக் கால் விரல்கள் மரத்துப்போகின்றன.

மதியம், வீட்டிலிருந்து கொண்டுவந்த, உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைச் சாப்பிட்டபடியே தரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒரு தரை இல்லை, இரண்டு இருந்தன. கீழே அக்டோபரில் ஆட்கள் கோல் பிடித்து அளந்த பள்ளம். அதற்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலாக, மார்ச்சில் ட்ரோன் பறந்து அளந்த மேடு. ஜன்னலுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்து மூலையில் வண்டி தள்ளிக் குவித்த பனி கறுத்துப்போய் இன்னும் கிடந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ட்ரோனை அனுப்பியவன் டெர்ரல்தான். பனி உருகும்வரை அவனுக்குப் பொறுமையில்லை. அவள் அவன் அறைக்குப் போனாள்.

"என் செட்டிங்ல தப்பில்ல டெர்ரல். ட்ரோன் பனிய அளந்திருக்கு. அந்த மேடு மண்ணே இல்ல."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். பிறகு, தரையில் அளந்த கோடுகளை எடுத்துவிட்டால் எச்சரிக்கை போய்விடுமா என்று கேட்டான்.

"போயிடும். அப்புறம் இல்லாத மேட்ட வெட்டி, ஏரிப் பக்கத்த நிரப்பச் சொல்லிக் கணக்கு போகும்."

"தாயே, மண்ணு வேலைன்னா முன்னப்பின்னதான் இருக்கும். உன் விஷயமா மேல பேசிட்டேன். கடைசி நேரத்துல காரியத்தக் கெடுத்துடாத."

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். கேலனின் விரல்களை நினைத்தாள். கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பட்டியல் காலியானது, பிழை ஏதுமில்லை என்றது மென்பொருள். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் விழுந்தது.

அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. கேலன் முழு அளவு மருந்து போடத் தொடங்கினான். படிகளில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினான்.

ஆகஸ்டில் சாலை வேலை ஆரம்பித்த முதல் வாரமே எல்லோரையும் களத்துக்குக் கூப்பிட்டார்கள். மண் வாரும் இயந்திரங்கள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் நிழலில் ஆட்கள் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் வெர்ன் வரைபடத்தை வண்டியின் மேல் விரித்தார்.

"ஏரிப் பக்கத்த நிரப்ப மண்ணு இங்க இருக்குன்னு போட்டிருக்கீங்க. எங்கய்யா அது? ஆளுக்கு ஆள் தேடிட்டோம்."

துறை அதிகாரி டெர்ரலைப் பார்த்தார். டெர்ரல் ஆர்லிஸைப் பார்த்துக் கேட்டான்.

"தரையில அளந்த கோடெல்லாம் ஃபைல்ல இல்லையே. யாரு எடுத்தது?"

"நான்தான். நீங்க எடுக்கச் சொன்னீங்க. பனின்னு உங்ககிட்ட சொன்னேனே."

"எடுத்தது அவங்கதானாம்," என்று டெர்ரல் அதிகாரியிடம் சொன்னான். "அவங்க பேர்தான் அதுல இருக்கு."

அதிகாரி தலையாட்டினார். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. மூவரும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பேசியபடியே நடந்தார்கள். டெர்ரல் மட்டும் நின்று, அலுவலகம் திரும்பியதும் மேசையைக் காலி செய்து, அடையாள அட்டையை வரவேற்பில் கொடுத்துவிடும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

போன் அடித்தது. வரும் வழியில் மருந்துக்கடைக்குப் போக மறந்துவிடாதே என்றான் கேலன். ஆர்லிஸ் முழங்கால் உயரப் புல்லில் நின்றபடி சரி என்றாள். வரைபடத்தின்படி அந்த இடத்தில் அவள் தலைக்கு மேல் மண்.