வலப்பக்கத்து ஒட்டு

குளச்சலில் வள்ளம் கட்டுகிற ஓடாவிகளில் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. ஞானையன் கண்டால் கண்டதுதான் என்று என்னைப் பற்றி ஊரும் சொல்லும். எனக்கு வாய்க்கொழுப்பு, ஊருக்கு வேறு வேலையில்லை.

ஹசனின் வள்ளத்தை நான்தான் கட்டினேன். ஆணி கிடையாது. அயினிப் பலகைகளில் துளையிட்டுக் கயிற்றால் தைத்தது. ஒரு தடவை பாறையில் முட்டி, முன்மூக்கில் இடப்பக்கம் மூன்றாம் பலகை பிளந்துவிட்டது. பலாத்துண்டை வெற்றிலை வடிவில் செதுக்கி ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த வள்ளத்தில் கடலுக்குப் போன ஹசன் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

அவன் மனைவி சுலைகா பீவி காத்திருந்தாள். காணாமல் போனவனுக்கு நாலு வருஷம், அதன்பின் மறுமணத்துக்கு முன் இருக்கவேண்டிய இத்தாக் காலம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருந்தார். இரண்டும் முடிந்தன. அவளுடைய அண்ணன் சேக் முகம்மது, தேங்காப்பட்டணத்தில் மனைவியை இழந்த ஒரு கருவாட்டு வியாபாரியைப் பேசி முடித்தார். நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோதுதான் ஊருக்குக் கூடாரச் சினிமா வந்தது.

முதல் நாள் படம் பார்த்த சேக் முகம்மது மறுநாள் விடிந்ததும் என் பட்டறையில் வந்து நின்றார்.

"ஓடாவியே, பெரிய படத்துக்கு முந்தி சிலோன் கடக்கரைன்னு ஒரு துண்டு காட்டுதான். அதுல ஒரு வள்ளம் கெடக்கு. நம்ம ஹசனுக்க வள்ளம் மாதிரி இருக்கு. நீரு வந்து பாத்துச் சொல்லும். வள்ளம் கரை கேறியிருந்தா ஆளும் கேறியிருப்பாம்லா? பொறவு எங்கன நான் நிக்காஹ் நடத்துவேன்?"

அன்று மாலை ஆட்டத்துக்குப் போனோம். படம் கலங்கலாக இருந்தது. மணலில் ஒரு வள்ளம். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து இடக்கையால் சோற்றை அள்ளித் தின்றான். தலைத்துண்டு முகத்தை மறைத்திருந்தது. கொட்டகையே சிரித்தது. எந்தக் கை எதற்கென்றுகூடத் தெரியாத பயல் என்று நானும் சிரித்தேன்.

தையல் என் கைத்தையல் மாதிரிதான் இருந்தது. முன்மூக்கின் வளைவும் அப்படியே. வெற்றிலை ஒட்டும் இருந்தது. ஆனால் ஒட்டு வலப்பக்கம் இருந்தது. மறுநாளும் போய்ப் பார்த்தேன். வலப்பக்கமேதான்.

நான் சேதி சொல்லப் போனபோது சுலைகா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "அண்ணே, உள்ளத சொல்லுங்கோ. அது அவருக்க வள்ளமா?"

"இல்ல மக்கா. நான் ஒட்டுப் போட்டது இடப்பக்கமாக்கும். எனக்க கை செய்தது எனக்குத் தெரியாதா?"

"அப்ப சரி" என்றாள். குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது.

ஒன்பது மாதம் கழித்து ஒரு வேலையாக இராஜாக்கமங்கலம் போனேன். அதே கூடாரம் அங்கே நின்றது. பொழுது போகாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதே துண்டுப்படம் ஓடியது. இப்போது தெளிவாக இருந்தது. அந்த மனிதன் வலக்கையால் தின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. வெற்றிலை ஒட்டு, முன்மூக்கில், இடப்பக்கம், மூன்றாம் பலகையில் இருந்தது.

படம் ஓட்டுகிறவனைப் போய்ப் பிடித்தேன். அவன் சிரித்தான்.

"அதுவா அண்ணாச்சி? குளச்சல்ல அறுந்த துண்ட மறுபுறமா ஒட்டிப்போட்டேன். கண்ணாடில பாத்த கணக்கா இடம் வலமாயிட்டு. பொறவுதான் சரியாக்கினேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல பாத்தேளா!"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவனை அடித்து என்ன? பலகையைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, சோறு தின்கிற கையைப் பார்க்கத் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது நான், விழுந்தது அவள்.

சொல்லிவிட வேண்டும் என்று தேங்காப்பட்டணம் வரை நடந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. தலைத்துண்டுக்காரன் ஹசன்தானா? ஹசனென்றால் ஏன் வரவில்லை? வேறு எவனோ என்றால் அந்த வள்ளம் அவன் கைக்கு எப்படிப் போயிற்று?

சுலைகா முற்றத்தில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

"வாங்கோ அண்ணே. அண்ணைக்கு நீங்க மட்டும் உறப்பாச் சொல்லல்லேன்னா, நான் இப்பவும் கடலப் பாத்துக்கிட்டுல்லா இருப்பேன். என்ன அண்ணே, இம்புட்டு தூரம்?"

"கருவாடு வாங்கலாம்னு வந்தேன் மக்கா."

நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, ஓலையில் பொதிந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.