அரை மணித்தியாலம் முந்திய கடல்

சென்ற டிசெம்பர் மூன்றாம் திகதி காலை எட்டு இருபதுக்கு முல்லைத்தீவில் றோஸ்மேரியின் வீட்டுக்குள் மட்டும் கடல் வந்தது. கணுக்காலளவு வந்து, எட்டு ஐம்பதுக்குத் திரும்பிப் போனது. பக்கத்து வீட்டு முற்றத்தில் கருவாடு நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது, நான்கு விரல் கூட. பயந்துபோன மகள் நிரோசினி தாயை வவுனியா பஸ்ஸில் ஏற்றினாள். கடல் பஸ்ஸுக்குள்ளும் வந்தது. கண்டக்டர் சனத்தின் பைகளை மேலே தூக்கி வைத்துவிட்டு, றோஸ்மேரியைப் புளியங்குளத்தில் இறக்கிவிட்டான். தண்ணீர் தேடுவது வீட்டை அல்ல, றோஸ்மேரியைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. நாளுக்கு நான்கு விரல் என்றால் இருபத்தாறாம் திகதி தாயின் தலைக்கு மேலே நிற்கும் என்று நிரோசினி கூட்டிப் பார்த்தாள்.

இரண்டாயிரத்து நான்கு டிசெம்பர் இருபத்தாறில் சுனாமி எடுத்த கரையோரச் சனத்தின் பெயர்களும், அவர்கள் போன நேரமும் கோயில் கொப்பியொன்றில் இருந்தன. ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள உறவுகள் அதே நேரத்துக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று பாதர் கேட்டிருந்தார். கணினி படிக்கும் நிரோசினி பைத்தனில் ஒரு நிரல் எழுதினாள். கொப்பியிலுள்ள நேரத்தைக் கொடுத்தால் அது ஊர் ஊராக மாற்றித் தரும். நேர வலயம் எது என்ற இடத்தில் எல்லாரையும் போலக் கொழும்பு என்று போட்டு, மூன்றாம் திகதி காலையில் ஓடவிட்டாள். பட்டியலில் அவளுடைய தகப்பன் அல்பேர்ட்டின் பெயரும் இருந்தது. அவர் போனபோது அவள் தாயின் வயிற்றில் நாலு மாதம்.

பன்னிரண்டாம் நாள், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி றோஸ்மேரி திரையை எட்டிப் பார்த்தார்.

“உதென்ன பிள்ளை, எட்டு இருபது? எட்டு ஐம்பதெல்லோ! நான் எட்டரை பஸ்ஸிலை முள்ளியவளைக்கு அக்கா வீட்டை போனாப் பிறகுதானே கடல் வந்தது.”

“கொப்பியிலை எட்டு ஐம்பதுதான் அம்மா. இது ஏன் குறைக்குதெண்டு விளங்கேல்லை.”

“அந்த வருசம் கொழும்பு அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடினது, பிறகுதான் திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தது. இயக்கம் இருந்த வன்னியிலை நாங்கள் மணிக்கூட்டைத் தொடேல்லை. எங்களுக்குப் பழைய நேரம்தான்.”

கணினிக்குக் கொழும்பைத் தெரியும், வன்னியைத் தெரியாது. அது கடலை எட்டு இருபதுக்கே வரச் சொல்லிவிட்டது. சுனாமியன்று எட்டு இருபதுக்கு றோஸ்மேரி இன்னும் வீட்டில் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தவர். கடலும் சொன்ன நேரத்துக்கு வந்து தேடியது. வன்னிக்கென்று ஒரு வலயம் பட்டியலில் இல்லாததால், கிறீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்று கையாலேயே எழுத நிரோசினி விரலை வைத்தாள்.

“முந்தினது பிந்தவும் செய்யுமோ?” என்று கேட்டார் றோஸ்மேரி. அன்று அல்பேர்ட் ஒன்பது மணிக்கு சைக்கிளில் அவருக்குப் பின்னால் வரவிருந்தவர்.

நிரோசினி வைத்த விரலை எடுத்தாள். “ஓம். அஞ்சு எண்டு போட்டால் அரை மணித்தியாலம் பிந்தும்.”

போட்டாள். வீட்டுத் தண்ணீர் வடிந்தது. அல்பேர்ட்டின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. றோஸ்மேரி வாசல்வரை ஓடினார். வேலிப் படலையில் நின்றவரோ ஐஸ்காரச் செல்வராசா. அன்று ஒன்பது பத்துக்குக் கரைக்கு வரவிருந்து, ஓடிவந்த சனத்தைக் கண்டு பாதி வழியில் திரும்பியவர். இப்போது அவருடைய முழங்காலளவு கடல் நின்றது.

“அக்கா, இதென்ன தண்ணி? காலைத் தூக்க ஏலாமக் கிடக்கு,” என்றார் அவர். திரையில் அவருடைய பெயரும் இன்னும் பதினொரு பெயர்களும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு வந்தது.

அல்பேர்ட்டின் சைக்கிள் மணி மறுபடியும் அடித்தது, இந்த முறை கிட்டவாக. றோஸ்மேரி கண்ணை மூடி அதைக் கேட்டார்.

“ஐந்தரையைப் போடு பிள்ளை.”

நிரோசினி அழுதுகொண்டே போட்டாள். செல்வராசா நனைந்த சாரத்தைப் பிழிந்து உடுத்திக்கொண்டு ஐஸ் விற்கப் போனார்.

இருபத்தாறாம் திகதி வீடு காய்ந்து கிடந்தது. எட்டு ஐம்பதுக்கு எல்லா ஊரிலும் மெழுகுதிரி எரிந்தது. அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு வேலிக்கு வெளியே சைக்கிள் மணி ஒருமுறை அடிக்கிறது. றோஸ்மேரி குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே, “போயிட்டு வாங்கோ” என்கிறார். அயலட்டையில் அதைக் கேட்டுத்தான் மணிக்கூட்டைச் சரிபார்க்கிறார்கள்.