மூன்று கேமராவும் ஒரு தூணும்

தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றே எக்ஸ்ரே எடுத்துப் பழகியவர் அவர். மகளுக்கு முதல் கேமரா வாங்க வந்த கடையில், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் விழித்தார்.

“அப்பாவையே எடுத்துப் பாரும்மா,” என்று கடைக்காரர் மகளிடம் மூன்று கேமராக்களை நீட்டினார். மூன்றிலும் கடைத் தூண்தான் விழுந்தது.

“என்னய்யா, மூணுமே கோளாறா இருக்கு!” என்று எகிறினார் எக்ஸ்ரேக்காரர். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“கேமரா நல்லாத்தான் இருக்குப்பா. நான் தூக்கினதுமே ‘மூச்சைப் பிடி, அசையாதே’ன்னு சொல்லிட்டு நீங்கதான் தூணுக்குப் பின்னாடி போயிடறீங்க,” என்றாள் மகள். “வீட்டு போட்டோ எதுலயும் நீங்க இல்லை. இதுலயாவது நில்லுங்க.”

முன்னால் வந்து நின்றார். மூச்சை விடலாமா என்றுதான் தெரியவில்லை.