கதிர் விடாத புல்

செவலைப் பசு நிறைசினையாகி ஏழாண்டுகள் ஆகின்றன. இன்னும் கன்று போடவில்லை. மாட்டுக்காரரின் மற்ற மாடுகளையெல்லாம் ஒரே மழைக்காலத்தில் நோய் கொண்டுபோயிருந்தது. செவலையின் கன்றை வைத்துத்தான் தொழுவத்தை மறுபடி நிரப்ப வேண்டும் என்று அவரும் மனைவியும் இருந்தார்கள். அதற்கு நல்ல புல் வேண்டும். கதிர் விட்டால் புல்லின் தண்டு முற்றி நாராகிவிடும். மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அதற்கு முன்பே வளர்ச்சியை அடக்கும் மருந்தைத் தெளித்தால் புல் இளசாகவே நிற்கும் என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை.

மனைவி முன்னால் குச்சி நட்டுக்கொண்டு போக, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு மாட்டுக்காரர் குச்சிக்குக் குச்சி ஒரு தெளிப்பான் மருந்து என்ற கணக்கில் அடித்து வருவார். அன்று இருவருக்கும் பேச்சு இல்லை. அவளுடைய தம்பியைப் பற்றி அவர் ஏதோ சொல்லிவிட்டிருந்தார். கோபத்தில் அவள் வழக்கமான இடைவெளியில் பாதிக்கே குச்சிகளை நட்டுக்கொண்டு போனாள். அவர் கவனித்தார். கேட்டால் தான் முதலில் பேசியதாகிவிடும். நிலம் முழுக்க இரட்டை மருந்து விழுந்தது.

அந்தப் பருவம் புல் கதிர் விடவில்லை, அடுத்த பருவமும் விடவில்லை. செவலை ஆசையாக மேய்ந்தது. நாள் நெருங்கி, மடி இறங்கி, எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மாட்டு டாக்டர் தோள்வரை கையை விட்டுப் பார்த்தார்.

"உயிரோடதாம்மா இருக்கு. என் விரலச் சப்புது."

ஊசி போட்டும் பயனில்லை. வயிற்றைக் கிழித்து எடுக்கப் பார்த்தார்; கத்தி போன வழியெல்லாம் தோல் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது. அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியிலிருந்து வாங்கிய தீவனத்தைச் செவலை தொடவில்லை. நிலத்தை உழுது போட்டார்கள். அதே உயரத்தில் அதே புல் வந்தது.

"என்ன மச்சான், உள்ள இருக்கறவனுக்கு மீசையே முளைச்சிருக்குமே?" என்றான் தம்பி.

"வாய மூடுடா," என்றாள் அக்கா. பிறகு கணவனிடம், "அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

முதல் ஆண்டு இதைத் தினமும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போனது.

இப்போது சாயங்காலங்களில் செவலை கத்தினால் வயிற்றுக்குள்ளிருந்து கன்று பதில் கொடுக்கிறது. தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருட்டுவதற்குள் மனைவி, கன்று விழவேண்டிய இடத்தில் காய்ந்த வைக்கோலைப் பரப்பிவிடுகிறாள். காலையில் அவர் வந்து, கலையாமல் கிடக்கும் வைக்கோலை அள்ளுகிறார்.