இன்னும் கால்மணி இருக்கு

எங்கள் அகத்தில் மணி சொல்ல உரிமை ஒன்றுக்குத்தான்: என் கணவர் அனந்தபத்மநாபனின் பழைய கம்ப்யூட்டர். ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்தில் இருக்கிற மனுஷர் கோயிலுக்குப் போகலாம், அரட்டை அடிக்கலாம். இவரோ இன்டர்நெட் இல்லாமலே அதைச் சரியான நேரம் காட்ட வைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். தினமும் அது எவ்வளவு பிந்துகிறது என்று மாதக்கணக்கில் பார்த்து, அதற்கொரு திருத்தம் போட்டார். சுவர்க் கடிகாரம் பரணுக்குப் போயிற்று.

மூன்று வாரத்துக்கு முன் கரெண்ட் போய், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. எங்கள் பெண் மாதுரிக்குக் கம்ப்யூட்டர்தான் வேலை. மன்னார்புரத்திலிருந்து போனில் அன்றே சொன்னாள்: "அப்பா, ஒவ்வொரு தடவை ஆன் ஆகறச்சேயும் அது தன் வேகத்தைப் புதுசா அளந்துக்கும். பழைய திருத்தம் இனிமே ஒட்டாது."

இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாதுரிக்கு இப்போது ஏழு மாதம். இரண்டு முறை தங்காமல் போன வயிறு. அவளுக்காக ஒரு வருஷம் ஏகாதசி தவறாமல் பட்டினி இருப்பதாகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். துணைக்கு இவரும் இருந்தார். இன்று கடைசிப் பாரணை, பட்டினியை முடிக்கிற சாப்பாடு. காலை ஆறே முக்காலுக்குத் துவாதசி முடிகிறது. அதற்குள் ஒரு வாய் தீர்த்தத்திலாவது விரதத்தை முடிக்காவிட்டால் அத்தனையும் வீண். இவர் திருவாராதனம் பண்ணித் தளிகையைப் பெருமாளுக்குக் காட்டினால்தான் எனக்குச் சாப்பாடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அகத்திக்கீரை ஆறிக்கொண்டிருந்தது. இவர் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

"ஏன்னா, போன்ல ஆறு நாப்பது ஆயிடுத்து. வாங்கோ."

"உன் போனைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்துல போடு. இன்னும் கால்மணி இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் பூரா வயிற்றைக் காயப்போட்டது நான். முடிவு சொல்வது இந்த டப்பாவா? நேரே பெருமாள் முன்னால் போனேன். பாத்திரத்திலிருந்த நேற்றைய தீர்த்தத்தை நானே எடுத்து, ஒரு துளசியோடு விழுங்கினேன். இவர் கையால் அல்லாமல் நான் வாங்கியதே இல்லை. மாதுரியை நினைத்துக்கொண்டேன்.

சாவகாசமாக வந்தவர் பார்த்துவிட்டார்.

"அப்படி என்னடி அவசரம்?"

"அதுல நெட்டைப் போட்டுட்டு வந்து கேளுங்கோ."

வீம்புக்குப் போய்ப் போட்டார். கடிகாரம் ஒரே தாவாகத் தாவி ஆறு ஐம்பதில் நின்றது. என் போனையும் வாங்கிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கி வந்தது.

"வேதா, எனக்கும் கொஞ்சம் தீர்த்தம் இருக்கா?"

"இருக்கு. துவாதசிதான் இல்லை."