ஹோல்கரின் நாற்காலி

எங்கள் ஊரில் வீடு எடுப்பவர்களுக்கு வீட்டோடு ஒரு செத்தவரையும் சேர்த்துத் தருவார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இங்கே புதைக்கப்பட்டவர்களை, இறைச்சி ஆலை வேலைக்கு வரும் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். நான் மாடியறையில் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைத்தவர் ஹோல்கர். ஸ்வீடன் வம்சம், பன்றி வளர்த்தவர். சாப்பாட்டு மேசையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு தொந்தரவும் கிடையாது.

வீட்டுக்காரி ரொசால்பா மெக்சிகோவிலிருந்து வந்தவள். ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று எலும்பு எடுக்கிறாள். அவளுடைய மகன் மத்தேயோ மெக்சிகோவிலேயே ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். ஒவ்வொரு நவம்பரிலும், செத்தவர்கள் வீடு தேடி வரும் நாளில், அவர்கள் வழக்கப்படி செண்டுமல்லி பரப்பி, ரொட்டியும் சாக்லேட் பாலும் படைப்பாள். பையன் தவறாமல் வருவான். ஆனால் வீட்டுக்கு ஒரு செத்தவர்தான் இருக்கலாம். அதனால் வாசல்படியிலேயே உட்காருவான். அவளும் கூட உட்காருவாள்.

"குளுருதும்மா. உள்ள கூப்பிடேன்" என்பான்.

அதைக் கேட்க எனக்கு மனசு தாங்காது.

ஹோல்கர் ஒருநாள் மட்டும் வெளியே இருந்துகொள்வதாகச் சொன்னார். நகராட்சி அலுவலகத்தில் இருக்கும் இங்க்ரிட் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவர் எழுந்தா, கல்லறையில வரிசையில நிக்கிற அடுத்த ஆள் வந்து உக்காந்துடுவார். முதல்ல உள்ளூர்ல செத்தவங்க முடியட்டும். உங்க சனம் இன்னும் நிறைய வந்து வீடு எடுத்தா, வரிசை சீக்கிரம் நகரும்."

ரொசால்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை தன் கொழுந்தனைக் கூப்பிட்டாள். கொழுந்தன் ராமிரோ ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தான். குவாத்தமாலாவிலிருந்தும் வந்தார்கள். பூட்டிக் கிடந்த கடைத்தெருவில் ரொட்டிக்கடை திறந்தது, மாதாகோயிலில் ஸ்பானியப் பூசை தொடங்கியது. ஊரில் பாதிக்குமேல் அவர்கள்தான் என்றானதும், பத்திரிகைக்காரர்கள் காரணம் தேடி வந்தார்கள். காரணம் நவம்பரில் மட்டும்தான் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் வந்தது ஜூன் மாதம்.

செத்த ஸ்வீடன்காரர்கள் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டது. அதற்குள் ராமிரோ செத்துப்போனான். முதலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் டென்வருக்கும் சிகாகோவுக்கும் போயிருந்தார்கள். இங்கே செத்ததால் அவர்களும் உள்ளூர்க்காரர்கள். வரிசை மறுபடியும் நீண்டது.

ரொசால்பா அலுவலகத்தில் போய் அழுதாள். இங்க்ரிட் அம்மாவுக்கே பாவமாகிவிட்டது.

"செத்தவங்களுக்குத்தாம்மா வரைமுறை. உயிரோட எத்தனை பேர் வேணும்னாலும் இருக்கலாம். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வேற குறைஞ்சுபோச்சு. பையன் உயிரோட இருக்கான்னு எழுதிக்கவா?"

எழுதிக்கொண்டார். மறுநாள் மத்தேயோ மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனான். உயிரோடு இருப்பவர்களில் சேர்ந்துவிட்டதால் வளர்ந்தான். போகப்போக அம்மாவுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் ஸ்பானியத்தில் சொல்லுவேன். இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. பள்ளி முடிந்த கோடையில் அவனும் டென்வருக்குப் போனான்.

இந்த நவம்பரில் ரொசால்பா பூ வாங்கவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குப் படைக்கக்கூடாது. சாயங்காலம் வாசல்படியைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருப்பவர்கள் அன்றைக்கு வருவதில்லை.

"செத்தவனாவே விட்டிருக்கலாம், தம்பி. வருசத்துக்கு ஒருதரமாவது வந்துட்டிருந்தான்" என்றாள். எனக்கும் அழுகை வந்தது.

ஹோல்கருக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே, வரிசையில் அடுத்து நின்றிருந்த ராமிரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

இத்தனை வருடத்தில் ஹோல்கருக்கு ஸ்பானியம் நன்றாக வந்துவிட்டது.

"குளுருதும்மா. உள்ள கூப்பிடேன்" என்றார்.

ரொசால்பா போர்வை எடுத்துவரப் போனாள்.